கம்பெனி மறைக்கும் வேற்றுலகப் பொருள்: அந்தக் கதையை எழுதுவது எப்படி

தொலைதூரக் கோளில் ஒரு சுரங்கம். தோண்டும்போது இதுவரை யாரும் பார்த்திராத ஒன்று கிடைக்கிறது. அது ஆளைக் கொல்லும் என்று கம்பெனிக்குத் தெரியும், வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது. திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வருகிற அறிவியல் புனைகதைகளில் இந்த வகைதான் அதிகம். பெரும்பாலானவற்றில் ஒரே காட்சி: கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் கோட்டு சூட்டு போட்ட தலைவர் ஒருவர், "இது வெளியே தெரியக் கூடாது" என்கிறார். அடுத்த பக்கத்தில் துப்பாக்கியோடு ஆட்கள் வருகிறார்கள். அந்த இடத்திலேயே கதை படுத்துவிடுகிறது.

நான் பல வருடம் ஒரு ரசாயன ஆய்வகத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவள். சோதனை அறிக்கை வந்தால் எண் போட வேண்டும், எத்தனையாவது பதிப்பு என்று பார்க்க வேண்டும், பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்ப வேண்டும், பழைய பதிப்பைத் திரும்ப வாங்கி அழிக்க வேண்டும். அங்கே "இதை மறைத்துவிடு" என்று யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. "இது இன்னும் வரைவுதானே", "அந்தப் பிரிவுக்கு இது தேவைப்படாது", "வக்கீல் ஒருமுறை பார்க்கட்டும், அப்புறம் அனுப்பலாம்." என் காதில் விழுந்ததெல்லாம் இவைதான். ஒவ்வொன்றும் நியாயமான பேச்சு. எல்லாம் சேர்ந்தால், கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஆளுக்கு எதுவுமே போய்ச் சேராது. இந்தக் கதையில் பயம் பிறக்க வேண்டிய இடம் அதுதான். ஒரு செய்தி கண்டுபிடித்தவரிடமிருந்து கிளம்பி, யார் யார் மேசையைத் தாண்டி, எந்த மேசையில் நின்றுபோகிறது என்கிற வழி. வேற்றுலகப் பொருளை வடிவமைக்க எடுத்துக்கொள்ளும் அக்கறையை அந்த வழியை வடிவமைக்கவும் எடுத்துக்கொள்ளுங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் பொருளுக்கு ஒரு விதி

அந்தப் பொருள் என்ன செய்யும், என்ன செய்யாது என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வையுங்கள். அந்தப் பக்கம் கதையில் வர வேண்டியதில்லை. "மர்ம சக்தி" என்று மொட்டையாக விட்டுவிட்டால் யார் எதை மறைக்கிறார்கள் என்பதும் மங்கிப்போகும். உண்மைக்கு ஒரு திட்டமான உருவம் இருந்தால்தான் அதைத் துண்டு போட்டு, ஒரு துண்டை மருத்துவரிடமும் ஒரு துண்டைக் கிடங்கிலும் ஒரு துண்டை வக்கீலிடமும் கொடுத்து வைக்க முடியும்.

வேற்றுலகக் கிருமி என்றுதான் பலர் தொடங்குகிறார்கள். வைரஸ் தானாகப் பெருகாது. நம் செல்லுக்குள் இருக்கும் இயந்திரங்களைத் தன் வேலைக்கு வளைத்துக்கொண்டுதான் பெருகும். அதற்கு அதன் மரபுக் குறியீடு நம் செல்லோடு ஒத்துப்போக வேண்டும். வேறெங்கோ தனியாக உருவான ஒன்று அப்படிப் பொருந்துவதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு. இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம், இதைவிட நம்பும்படியான ஆபத்துகள் ஏராளம். செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதை ஃபீனிக்ஸ் விண்கலம் 2008-இல் கண்டது. அது உடம்புக்குள் போனால் தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். 1972-இல் அப்போலோ 17 பயணத்தில் நிலவின் தூசி விண்வெளி வீரர் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு மூக்கை அடைத்து, ஒவ்வாமைச் சளி பிடித்தது போல ஆக்கியது. 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் ஓர் எச்சரிக்கை எழுதினார்கள். நம் உயிர் மூலக்கூறுகளின் கண்ணாடிப் பிம்பம் போல அமைந்த பாக்டீரியாவை ஆய்வகத்தில் உருவாக்கினால், நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அடையாளம் காணத் தவறலாம் என்றார்கள். வேற்றுலகத்தில் உயிர் அந்தக் கண்ணாடிப் பக்கத்தில் பிறந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாலே ஒரு நாவலுக்கு விதை கிடைத்துவிடும்.

எனக்குப் பிடித்தது படிகம். ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து 1996-இல் சந்தைக்கு வந்தது. 1998-இல், எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, அதே மூலக்கூறு இதுவரை யாரும் கண்டிராத புதிய படிக வடிவத்தில் உறையத் தொடங்கியது. மூலக்கூறு மாறவில்லை, அடுக்கு மட்டும்தான் மாறியது. புது வடிவம் சரியாகக் கரையவில்லை, அதனால் அந்தக் குளிகையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. புது வடிவத்தின் துகள் ஒன்று வந்து சேர்ந்த இடத்தில், பழைய வடிவத்தை மறுபடி எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. உயிரில்லை, எண்ணமில்லை, பகையில்லை. ஆனால் தொட்டதையெல்லாம் தன்னைப் போலவே ஆக்குகிறது. இதைவிட நல்ல வேற்றுலகப் பொருள் வேண்டுமா?

எதை எடுத்தாலும் மெதுவாகக் கொல்வதாகப் பாருங்கள். தொட்டவுடன் ஆள் விழுந்தால் மறைக்க ஒன்றுமில்லை, எல்லோரும் பார்த்துவிடுவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசி உள்ளே போய்ப் புற்றுநோயாக வெளிப்பட இருபது முப்பது வருடம்கூட ஆகும். கம்பெனிகள் குடியிருந்தது அந்த இடைவெளியில்தான். உங்கள் கதையும் அங்கேதான் குடியேற வேண்டும்.

ரேடியத்தை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்

வேற்றுலகப் பொருள் பற்றி எழுத நினைக்கிறவர்களுக்கு நான் படிக்கச் சொல்வது ஒரு நிஜ வரலாற்றை. 1898-இல் ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டது. இருட்டில் தானாக ஒளிரும், தானாகச் சூடு தரும், தீர்ந்துபோவதாகவே தெரியாது. அந்தக் காலத்து மனிதர்களுக்கு அது வேறு உலகத்திலிருந்து வந்த பொருளுக்குக் குறைந்ததில்லை. இருபது வருடத்துக்குள் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஆரஞ்சு என்ற ஊரில், கடிகார முகப்பில் ரேடியச் சாயம் பூசும் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்தவர்கள் இளம்பெண்கள். தூரிகை நுனி கூர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக அதை உதட்டில் வைத்துத் திரட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் கொஞ்சம் ரேடியம் வாய்க்குள் போனது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது அவர்கள் தலைமுடியும் உடுப்பும் இருட்டில் ஒளிர்ந்தன.

அதே கம்பெனியின் வேதியியலாளர்கள் ரேடியத்தைக் கையாளும்போது ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்றார்கள், இடுக்கியால் எடுத்தார்கள். இரண்டு அறையும் ஒரே வளாகத்தில் இருந்தன.

ரேடியம் உடம்புக்குள் போனால் கால்சியம் போலவே நடந்துகொள்ளும். எலும்பு அதை வாங்கி வைத்துக்கொள்ளும். முதலில் பல் ஆடியது, பிறகு தாடை அழுகியது. முதலில் சந்தேகப்பட்டவர்களில் பல் மருத்துவர்களும் இருந்தார்கள். கம்பெனியே ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து செசில் ட்ரிங்கர் குழுவை வரவழைத்து ஆய்வு செய்யச் சொன்னது. அறிக்கை பாதகமாக வந்தது. கம்பெனி அதை வெளியிடவில்லை. மாநிலத் தொழிலாளர் துறைக்கு அனுப்பியது, ஆனால் பெண்கள் அனைவரும் நல்ல உடல்நிலையில் இருப்பதாகத் தெரியும்படி மாற்றி, ட்ரிங்கர் பெயரிலேயே அனுப்பியது. ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் இதைத் தெரிந்துகொண்டு ட்ரிங்கர் குடும்பத்துக்குக் கடிதம் எழுதினார். வழக்குப் போடுவோம் என்ற மிரட்டலையும் மீறி 1925-இல் உண்மையான ஆய்வு வெளிவந்தது. கிரேஸ் ஃப்ரையர் என்ற தொழிலாளிக்கு, தன் வழக்கை எடுத்து நடத்த ஒரு வக்கீல் கிடைக்கவே ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்தது.

இதில் ஒரு நாவலுக்கான எல்லாச் சட்டகமும் இருக்கிறது. தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே கூரைக்குக் கீழே. முதல் அறிகுறி, ஆபத்தோடு சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் பல்வலி. எரிக்கப்படாமல், அழகாகத் திருத்தப்பட்டு, உரிய இடத்துக்கே அனுப்பப்பட்ட அறிக்கை. கம்பெனிக்கு வெளியே இருந்த ஒரே ஒரு ஆள் எழுதிய கடிதத்தால் உடைந்த பூட்டு. இதைப் படித்து அந்தப் பெண்களுக்காக உங்களுக்கு வயிறு எரியவில்லை என்றால் இந்த வகைக் கதையை எடுக்காதீர்கள். அந்த எரிச்சல்தான் உங்களைக் கடைசி அத்தியாயம் வரை கொண்டுபோகும்.

செய்தி போகும் வழியை வரையுங்கள்

இனி ஒரு மாதிரிக் கதையைக் கட்டிப் பார்ப்போம். இடம் செரெஸ், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கும் குறுங்கோள். டான் விண்கலம் 2015-இல் அங்கே போய்ச் சேர்ந்தது. ஒக்கேட்டர் என்ற பள்ளத்தில் வெள்ளை வெளேரென்று தெரிந்த திட்டுகள் சோடியம் கார்பனேட் உப்பு என்று கண்டார்கள், கீழிருந்து உப்புநீர் ஏறி வந்து காய்ந்த தடம். நம் கதையில் அங்கே ஒரு கம்பெனி உப்புநீர் எடுக்கிறது. துளைக் கருவியோடு ஒரு புதிய படிகம் மேலே வருகிறது. கால்சியம் உப்பைக் கண்டால் அதைத் தன் அடுக்குக்கு மாற்றிவிடும். தூசியாக மூச்சில் போய், மெதுவாக எலும்பில் வேலையைத் தொடங்குகிறது.

காகிதத்தை எடுத்து நெடுக்காக நாட்களை எழுதுங்கள், குறுக்காக ஆட்களை எழுதுங்கள்: துளையிடுகிறவர், மாதிரிக் கிடங்குப் பொறுப்பாளர், நிலைய மருத்துவர், நிலைய மேலாளர், பூமியில் உள்ள ஆய்வகம், வக்கீல், காப்பீட்டு நிறுவனம், அரசாங்க ஆய்வாளர், வேலை செய்கிறவரின் குடும்பம். ஒவ்வொரு நாளிலும் ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும் என்று நிரப்புங்கள். வெற்றாக விடும் கட்டங்கள்தான் உங்கள் காட்சிகள். அந்தக் கட்டம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் சொல்கிறவருக்கு நியாயமாகப் பட வேண்டும்.

தூரமே ஒரு நல்ல காரணம். செரெஸிலிருந்து ஒரு செய்தி பூமிக்கு வர, அவை சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தைப் பொறுத்து, சுமார் 13 நிமிடத்திலிருந்து அரை மணிக்குச் சற்று மேல் வரை ஆகும். நடுவில் சூரியன் வந்துவிட்டால் தொடர்பே கெட்டுப்போகும். செவ்வாயில் ஓடும் கலங்களுக்கு சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வாரம் போல, நாசா கட்டளை அனுப்புவதை நிறுத்தி வைக்கிறது. இன்று ஆழ்விண்வெளித் தொடர்புக்கு நாசா நம்பியிருக்கும் பெரிய அலைவாங்கிகள் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலும் மாட்ரிட் அருகிலும் கான்பெரா அருகிலும் இருக்கின்றன. உங்கள் கதையில் அந்த அலைவாங்கிகள் கம்பெனியுடையவையாக இருந்தால்? மகள் அப்பாவுக்கு அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்து முதல் மருத்துவர் அனுப்பும் ரத்தப் பரிசோதனை முடிவு வரை ஒரே குழாய் வழியாகத்தான் போகும். தணிக்கை என்று ஒன்று தேவையே இல்லை. 'அலைவரிசை நெருக்கடி, மருத்துவத் தரவுகள் அடுத்த வாரம் போகும்' என்று ஓர் அறிவிப்பு போதும்.

இன்னொரு முறை வெள்ளமாகக் கொட்டுவது. மேற்கு வர்ஜீனியாவில் பி.எஃப்.ஓ.ஏ. ரசாயனம் கலந்த தண்ணீர் பற்றி வழக்கு நடத்திய வக்கீல் ராபர்ட் பிலாட் ஆவணங்களைக் கேட்டபோது, டூபான்ட் என்ற ரசாயனக் கம்பெனியிடமிருந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவர் தரையில் உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கிப் படித்தார். அந்த ஒரு மனிதரின் முதுகுவலிதான் பிறகு நடந்த அத்தனைக்கும் தொடக்கம். உங்கள் கதையில் உண்மை பூட்டிய பெட்டகத்தில் இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. எல்லோரும் திறக்கக்கூடிய ஃபைலில், நாலாயிரத்துச் சொச்சம் பக்கத்தில், ஓர் இணைப்பின் அடிக்குறிப்பாக இருக்கட்டும்.

வக்கீலை மறக்க வேண்டாம். புகையிலைக் கம்பெனிகள் தங்கள் ஆராய்ச்சி முடிவுகளை வக்கீல்கள் வழியாகப் போக வைத்தன. அப்படிப் போனால், கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும் இடையிலான ரகசியம் என்று நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்ளலாம். 1969-இல் ஒரு புகையிலைக் கம்பெனிக்குள் சுற்றிய குறிப்பில், சந்தேகம்தான் நாம் விற்கும் சரக்கு என்றே எழுதியிருந்தது. அந்த ஆவணங்கள் பல லட்சக்கணக்கில் இன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் யாரும் படிக்கும்படி இருக்கின்றன. ஒரு மாலைப்பொழுது ஒதுக்கிப் படியுங்கள். யாரும் உறுமவில்லை. எல்லோரும் மரியாதையாக, தேதி போட்டு, நகல் யாருக்கு என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் கதையில் கம்பெனி பேச வேண்டிய குரல் அதுதான்.

ஒரு படிவத்தைக் கொண்டு ஒரு காட்சி

செரெஸ் நிலையத்தில் மாதிரிக் கிடங்குப் பொறுப்பாளர் வேணி. மேலே வரும் ஒவ்வொரு மாதிரிக்கும் அவள் ஒரு படிவம் நிரப்புகிறாள். மூன்றாம் பதிப்பில் 'உடல்நல அபாயம்' என்ற வரிக்கு எதிரே மூன்று கட்டங்கள்: உண்டு, இல்லை, தெரியவில்லை. 'தெரியவில்லை' என்று குறித்தால் மாதிரி தனி அறைக்குப் போகும், பூமியிலிருந்து பதில் வரும் வரை அந்தத் துளையில் வேலை நிற்கும். அந்த அறை நிரம்பி வழிகிறது. உற்பத்தி குறைகிறது. தலைமையகத்தில் யாரோ ஒருவர் உண்மையான அக்கறையோடு, படிவத்தை எளிமையாக்குவோம் என்கிறார். நான்காம் பதிப்பு வருகிறது. இரண்டே கட்டங்கள்.

வேணி படிவத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். பின்பக்கத்திலும் இல்லை.

"காளிண்ணே, இதுல தெரியலைன்னு போடக் கட்டமே காணோம்."

துளையிடுகிற காளி கன்னத்தில் கையை அழுத்தியபடி நிற்கிறார். இரண்டு நாளாகப் பல்வலி. "உண்டுன்னு போட்டா ஷிஃப்ட்டை நிறுத்திருவாங்கம்மா. பதினோரு பேருக்குச் சம்பளம் போயிரும். இப்போதைக்கு இல்லைன்னு போட்டு அனுப்பு. அடுத்த பதிப்புல அவங்களே சரி பண்ணிருவாங்க."

அவள் 'இல்லை' என்பதில் குறியிடுகிறாள். கையெழுத்து அவளுடையது.

இவ்வளவுதான் காட்சி. துப்பாக்கி இல்லை, மிரட்டல் இல்லை. கட்டத்தை எடுத்தவர் கெட்டவரில்லை, குறியிட்டவள் கெட்டவளில்லை, குறியிடச் சொன்னவர் அதனால் சாகப்போகிறவர். அடுத்த நாள் பூமியில் இருக்கும் கணினி, 'அபாயமுள்ள மாதிரிகள்: பூஜ்யம்' என்று அறிக்கை தரும். அந்த அறிக்கையைக் காட்டிக் காப்பீடு வாங்குவார்கள், முதலீடு திரட்டுவார்கள். பிறகு உண்மை தெரிந்தாலும் திரும்பிப் போகும் பாதையை அந்தப் பூஜ்யம் அடைத்துவிடும். உங்கள் கதைக்கும் இப்படி ஒரு தாளைக் கண்டுபிடியுங்கள். படிவம், பதிவேடு, வருகைச் சீட்டு, மருந்து வாங்கிய ரசீது எதுவாகவும் இருக்கலாம். கதாபாத்திரத்தின் கை அதில் பட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

எதிர்காலக் கதை என்பதற்காகச் சட்டமே இல்லாத உலகத்தைக் கட்டாதீர்கள். சட்டம் இருந்தும் நடப்பதுதான் வலிக்கும். 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையை முழுதாகப் படிக்க அரை மணி நேரம் போதும், அதில் கதைக்காரனுக்குச் சுரங்கமே இருக்கிறது. 5-ஆவது பிரிவு: விண்வெளியில் வீரர்களின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தான எதையாவது கண்டால் நாடுகள் உடனே தெரிவிக்க வேண்டும். 6-ஆவது பிரிவு: தனியார் செய்வதற்கும் அவர்களுடைய நாடே பொறுப்பு, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். 9-ஆவது பிரிவு: வெளியிலிருந்து கொண்டுவரும் பொருளால் பூமியின் சூழல் கெடக்கூடாது. 11-ஆவது பிரிவு: நடவடிக்கைகளைப் பற்றி ஐ.நா. பொதுச்செயலருக்கும் மக்களுக்கும் அறிவியல் உலகுக்கும் இயன்ற அளவு, நடைமுறைக்கு ஏற்ற அளவு தெரிவிக்க வேண்டும். அந்த 'இயன்ற அளவு' எவ்வளவு என்று வாதாடும் வக்கீல் ஒருவரை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

விண்வெளியில் எடுக்கும் கனிமத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளத் தன் குடிமக்களுக்கு அனுமதி தரும் சட்டத்தை அமெரிக்கா 2015-இல் கொண்டுவந்தது, லக்சம்பர்க் 2017-இல் அதுபோன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. கனிமம் சொந்தம் என்றால் அதைப் பற்றிய தகவலும் வணிக ரகசியமா? அங்கேதான் உங்கள் கம்பெனி கால் வைக்கும். வேற்றுலக அறிவின் சைகை கிடைத்தால் என்ன செய்வது என்று வானியலாளர்கள் 1989-இலேயே ஒரு நெறிமுறை எழுதினார்கள்: முதலில் சரிபார், மற்ற ஆய்வாளர்களுக்குச் சொல், உலகுக்குத் திறந்து சொல், கலந்து பேசாமல் பதில் அனுப்பாதே. நல்ல மனசோடு எழுதியது. ஆனால் யாரையும் கட்டாயப்படுத்த அதற்கு அதிகாரம் இல்லை.

விதி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நடைமுறையில் எங்கே கசியும் என்பதற்கு அப்போலோ 11-ஐப் பாருங்கள். நிலவிலிருந்து வந்தவர்களை 21 நாள் தனிமையில் வைத்தார்கள், அவர்களுக்காகவே ஹூஸ்டனில் ஆய்வகம் கட்டினார்கள், கப்பலில் அடைத்த வண்டி ஒன்றும் வைத்தார்கள். ஆனால் கலம் பசிபிக் கடலில் இறங்கியதும் அங்கேயே கதவைத் திறந்து, உள்ளே தனிமைப்படுத்தும் உடையைக் கொடுத்துத்தான் ஆட்களை வெளியே எடுத்தார்கள். ஆட்களோடு கலத்தைக் கப்பலுக்குத் தூக்குவது அபாயம் என்று கருதியதால் அந்த முடிவு. நிலவில் கிருமி இருந்திருந்தால் கதவு திறந்த அந்த நொடியிலேயே கடலில் கலந்திருக்கும். ஒரு பாதுகாப்பு விதி இன்னொரு பாதுகாப்பு விதியைத் தோற்கடிக்கும் இந்த மாதிரி இடங்களைத் தேடிப் பிடியுங்கள். கம்பெனியின் பேராசையைவிட இது வாசகரை அதிகம் கலங்கடிக்கும்.

சந்தேகத்துக்கு உரிய மரியாதை

மறைப்பவர்கள் எல்லாம் பொய்யர்கள் என்று எழுதினால் கதை தட்டையாகிவிடும். கண்டுபிடித்ததை உடனே வெளியிடாமல் இருக்க நேர்மையான காரணங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல வருடமாகப் புரியாத சைகைகள் பதிவாகிக்கொண்டிருந்தன. 2015-இல் பார்த்தால், வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு ஓடி முடிப்பதற்குள் கதவைத் திறந்ததால் வந்தவை. 2019-இல் அதே தொலைநோக்கியில், சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா செண்டாரி இருக்கும் திசையிலிருந்து ஒரு சைகை பதிவானது. ஆய்வு முடிவதற்குள் 2020 டிசம்பரில் அந்தச் செய்தி பத்திரிகைக்குக் கசிந்துவிட்டது. மறு வருடம் அது மனிதக் கருவிகளின் இடையூறு என்று முடிவானது.

எனவே உங்கள் கதையில் ஒரு விஞ்ஞானியை வையுங்கள். "இன்னும் ஒரு முறை சோதிக்காமல் நான் வெளியே சொல்ல மாட்டேன்" என்று அவர் பிடிவாதமாக நிற்கட்டும், அவர் சொல்வது சரியாகவும் இருக்கட்டும். அந்த நல்ல பிடிவாதத்தைக் கம்பெனி வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். அவருக்கு மறு சோதனைக்குப் பணம் தரும், அதற்குப் பிறகு இன்னொன்றுக்கும் தரும். அவர் கேட்டதெல்லாம் கிடைக்கும், வெளியிடும் நாள் மட்டும் வராது.

கசிவு

உண்மை வெளியே வரும் காட்சியைப் பலர் ஒரே பொத்தானில் முடித்துவிடுகிறார்கள். கதாநாயகி 'அனுப்பு' என்று அழுத்துகிறாள், உலகம் விழித்துக்கொள்கிறது. நிஜத்தில் அப்படி நடக்காது. புகையிலைக் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவராக இருந்த ஜெஃப்ரி வைகண்ட் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். ரகசிய ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகத் தங்கள் மேல் வழக்கு வரும் என்று பயந்து சி.பி.எஸ். தொலைக்காட்சி 1995-இல் அதை நிறுத்தி வைத்தது, 1996 பிப்ரவரியில்தான் ஒளிபரப்பியது. ஒரு கம்பெனியின் ஒப்பந்தம் இன்னொரு கம்பெனியின் வாயையும் கட்டியது. வேணி செய்தியை வெளியே அனுப்பினால் அதை யார் வாங்குவார்கள், வாங்கியவர் வக்கீல் என்ன சொல்வார், அவளிடம் சம்பள பாக்கி எவ்வளவு, பூமிக்குத் திரும்பும் கப்பல் யாருடையது என்றெல்லாம் யோசியுங்கள். படிவத்தில் இருப்பது அவளுடைய கையெழுத்துதான் என்பதும் அப்போதுதான் பல்லைக் காட்டும்.

தகவல் தாமதமானால் உடம்பில் என்ன நடக்கும் என்பதையும் காட்ட வேண்டும். போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவில், கண் எரிந்து மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடி வந்தவர்கள் முன்னால் மருத்துவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எந்த வாயு, அதற்கு எது மாற்று மருந்து என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. மருத்துவர்கள் கைவசம் இருந்ததை வைத்து முயன்றார்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான், ஆலையில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று சுற்றியிருப்பவர்கள் தெரிந்துகொள்ளும் உரிமையை அமெரிக்கா 1986-இல் சட்டமாக்கியது. கம்பெனி ரகசியம் என்று எழுதும்போதெல்லாம் அந்த வார்டில் நின்ற மருத்துவரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செரெஸ் நிலைய மருத்துவரும் அவர்தான். அவர் கையில் இருப்பது வலி மாத்திரையும், எதற்கென்று தெரியாத ஓர் எக்ஸ்ரேயும்.

எழுதும்போது கவனிக்க

கதைக்குள் ஆவணங்களை அப்படியே கொடுக்கலாம், அரைப்பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பதிப்பு எண்ணும் நகல் பெறுவோர் பட்டியலும் கட்டாயம் இருக்கட்டும், பட்டியலில் ஒரு பெயர் காணாமல் போவதைக் கவனமான வாசகர் பிடித்துவிடுவார். கம்பெனிக்கு வேடிக்கையான பெயர் வைக்காதீர்கள். அறிவியலைக் கதாபாத்திரங்கள் ஒருவருக்கொருவர் பாடம் எடுக்க வேண்டாம். காளிக்குப் படிகம் பற்றி ஒன்றும் தெரியாது, பல் ஆடுவது தெரியும், அது போதும்.

கம்பெனி தோற்க வேண்டுமா ஜெயிக்க வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்யாதீர்கள். வரைபடத்தில் எந்தக் கட்டம் கடைசியாக நிரம்புகிறது என்று பாருங்கள், கதை அங்கே முடியும். என் மாதிரிக் கதையில் அது காளியின் குடும்பம். அவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் முடித்தால் அது அநியாயம் என்று நினைக்கிறேன்.

முதல் வரைவு முடிந்ததும் இலக்கிய நண்பரிடம் கொடுக்க வேண்டாம். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள்: தணிக்கையாளர், செவிலியர், கிடங்கு மேலாளர் என்று யாராவது. "எந்தப் பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட மறுத்திருப்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் ஒரு பக்கத்தைக் காட்டினால், அதற்கு முன்னால் உள்ள பக்கங்களில் காரணங்கள் போதவில்லை என்று பொருள். திருத்தத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.